அறுநூறு என்று எழுதிய ட்ரம்பெட்

பிள்ளைகளா,

நம் வீட்டு வாசலில் எந்தப் பார்சல் வந்து இறங்கினாலும் நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். "அப்பா, விலை எவ்வளவுன்னு எழுதலாம்?" என்று சின்னவன் கேட்கிறான். பெரியவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். போன மாதம் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நான் கொச்சிக்கே போய் கஸ்டம்ஸ்காரர்களோடு சண்டை போட்டுக் குழலைப் பிடுங்கி வந்ததாகச் சின்னவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கொச்சிக்குப் போகவே இல்லை. கட்டப்பனை வரைக்கும்தான் போனேன். சண்டையும் போடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கதையைத் திருத்தாதீர்கள்.

பெரியவளே, நீ நம் மாதா கோவில் பேண்டில் ட்ரம்பெட் கற்றுக்கொண்டாயே, அது உன்னுடையதும் இல்லை, கோவிலுடையதும் இல்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன ஒரு பையனுடையது. அவன் ஊரில் இல்லாத வரைக்கும் நீ ஊதலாம் என்று ஏற்பாடு. ஒரு வருடத்துக்கு மேல் ஊதினாய். திருவிழாவுக்குக் கொடியேற இரண்டு வாரம் இருக்கும்போது அவன் லீவு போட்டு வந்து நின்றான். நீ குழலைத் துடைத்து, துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாய். அழவில்லை. வாயில் வைக்கிற முனையை மட்டும் நாம் மதுரையில் தனியாக வாங்கியிருந்தோம், அது உன்னுடையது. அதைக் கழற்றி வைத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் நான் பேண்டு மாஸ்டரைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன். பறித்த ஏலக்காயைச் சூடு போட்டுக் காயவைக்கிற இடத்தைத்தான் ஸ்டோர் என்போம், அவருக்கு அங்கேதான் வேலை. காயைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"பாப்பா நல்லா ஊதுது அண்ணே, நான் இல்லேங்கல. ஆனா குழல் இல்லாத ஆளை வரிசையில எங்கன நிப்பாட்டுறது? வெறுங்கையை வாயில வச்சுட்டு நடன்னு சொல்லவா? தேரு கெளம்புறதுக்குள்ள கையில ஒண்ணு வந்துருச்சுன்னா அவ எடம் அவளுக்கு. இல்லேன்னா அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருடம் என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ட்ரம்பெட் வரிசையில் முதல்முறையாக ஒரு பெண்பிள்ளையை நிறுத்தப் போகிறார் என்பதற்கே கோவில் வாசலில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. இந்த வருடம் அந்த இடம் காலியாகக் கிடந்தால், அடுத்த வருடம் அங்கே யாராவது ஒருவருடைய மகன் நிற்பான். உன் இடம் போனது போனதுதான்.

உங்கள் அம்மா அவள் தங்கையிடம் சொன்னாள். உங்கள் சித்தி அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் இருக்கிற ஊரில் கோவிலுக்குப் பணம் சேர்க்க, வேண்டாத சாமான்களை வாசலில் மேசை போட்டு விற்பார்களாம். அங்கே ஒரு பழைய ட்ரம்பெட்டைப் பார்த்து, அறுபது யூரோவுக்கு வாங்கிவிட்டாள். அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நம் குடும்பத்தில் நடந்ததே இல்லை. போட்டோ வந்தது. குழலின் விரிந்த வாயில் ஒரு நசுங்கல் இருந்தது. நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "பரவால்லப்பா, நசுங்கல் சத்தத்துல கேக்காது" என்றாய்.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது.

நம் ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. குமுளியில் லாரி சர்வீஸில் போட்டு கம்பத்துக்கோ மதுரைக்கோ எதை அனுப்பினாலும், சீட்டில் சாமானின் மதிப்பு என்று கேட்கிற இடத்தில் உள்ளதைப் போல் பத்து மடங்கு எழுதுவோம். குறைத்து எழுதினால் ஏற்றி இறக்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கி எறிவார்கள். கூட்டி எழுதினால் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவார்கள். தொலைந்துபோனாலும் கேட்பதற்கு ஒரு பலம் இருக்கும். அந்த எண்ணுக்காக அங்கே யாரும் ஒரு பைசா வாங்குவதில்லை, எடைக்குத்தான் கூலி. எங்கள் ஸ்டாண்டில் புதிதாக ஜீப் ஓட்ட வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். என் மிக்சி ஒன்று இப்படித்தான் மதுரைக்குப் போய் ரிப்பேராகி முழுசாகத் திரும்பி வந்தது.

ஆகவே உங்கள் சித்தி கூரியர் ஆபீஸில் நின்றுகொண்டு போன் செய்தபோது நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அத்தான், வெலை எழுதச் சொல்றாங்க. அறுபதுன்னு போட்ரவா?"

"அறுநூறு போடு."

"எதுக்கு அத்தான்?"

"சொல்றேன்ல, போடு. அப்பத்தான் பத்திரமா வந்து சேரும். ஏற்கெனவே நசுங்குனது, இன்னும் நசுங்கணுமா?"

"இங்க அப்படியெல்லாம் தூக்கிப் போட மாட்டாங்க அத்தான்."

"அங்க போட மாட்டாங்க. இங்க வந்தப்புறம் யாரு பாக்குறது?"

ராத்திரி டியூட்டி முடித்து நேராக அங்கே போனவள், பாவம். வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அறுநூறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். நான் ஸ்டாண்டில் வந்து சொன்னபோது எல்லாரும் சரி என்றுதான் தலையாட்டினார்கள். அதை மறந்துவிடாதீர்கள். கெட்டிக்காரத்தனம் என்று ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

சில நாளில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, வரி கட்டினால்தான் விடுவிக்க முடியும், இந்த இடத்தைத் தொட்டுப் பணம் கட்டு என்று. ஸ்டாண்டில் எங்கள் எல்லாருக்கும் மூத்த டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன்.

"தொட்றாத. இது அவிங்க வேலைடா. பார்சல் நிக்குது, வரி கட்டுன்னு சொல்லி ஏமாத்துற கூட்டம் ஒண்ணு சுத்துது. விரலை வச்சேன்னா பேங்குல கெடக்கிறது பூராம் போச்சு."

"பார்சல் வர்றது நெசந்தானண்ணே?"

"அது அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு பாரு. அதான் கூட்டம்."

அழித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அழித்தேன். மூன்றாவது வந்தபோது, ஏமாற்றுக்காரர்களைத் தோற்கடித்தவன் என்ற பெருமையோடு சாப்பிடும்போது உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "போனைக் குடுங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். பிறகு தன் போனில் தங்கை அனுப்பியிருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தாள்.

"இது நம்ம பார்சல்தான்."

"அவிங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

"என் தங்கச்சி குடியிருக்கிற தெருவும் தெரிஞ்சிருக்கோ? இந்தா, போட்டிருக்குல்ல. அழிச்சு அழிச்சு எத்தனை நாளை ஓட்டியிருக்கீங்க?"

கொடியேறி மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் இன்னும் கீழே தள்ளிப் பார்த்து, கட்டவேண்டிய தொகையை வாசித்தாள். இருபதாயிரத்துக்கு மேல் இருந்தது. அறுபது யூரோ என்றால் நம் பணத்தில் ஆறாயிரம்கூட வராது. அதற்கு வரி மட்டும் இருபதாயிரமா என்று கேட்டாள். நான் அறுநூறு சங்கதியைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து, போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உங்கள் அம்மா திட்டினால் நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். கண்ணாடியை மடித்துவிட்டால் சமாளிக்க முடியாது.

நீ உள்ளே இருந்து வந்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாய் என்று தெரிந்தது.

"அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிருங்கப்பா. நான் தாளம் தட்டுறேன். மாஸ்டர்ட்ட தாளம் ரெண்டு செட்டு இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய் அந்த முனையை மட்டும் வாயில் வைத்து ஊதினாய். குழல் இல்லாமல் ஊதினால் அது வாத்து கத்துகிற மாதிரிதான் இருக்கும். அந்த ஒரு வாரமும் நம் வீட்டில் அந்த வாத்து காலையிலும் மாலையிலும் கத்திக்கொண்டே இருந்தது. தாளம் தட்டப் போகிறவளுக்கு அந்த முனை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலையாட்களை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, நம் ஊர் ஆனைக்கரையிலிருந்து நேரே கட்டப்பனைக்கு ஓட்டினேன். கூரியர் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேசையில் ஒரு பெண், என் வயது இருக்கும். மலையாளத்துக்காரி, ஆனால் நம் ஆட்களிடம் பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"சேட்டா, பழைய ட்ரம்பெட், விலை அறுநூறு யூரோ. சரியல்லே?"

"அறுபது மேடம். அறுநூறுன்னு நாந்தான் எழுதச் சொன்னேன்."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "எந்தினு? எதுக்கு?"

நான் ஜீப் ஸ்டாண்டு வழக்கத்தை முழுதாகச் சொன்னேன். மிக்சியைப் பற்றியும் சொன்னேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு மலையாளத்தில் அவருக்கும் ஒரு தடவை சொன்னாள். அவரும் எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

"சேட்டா, ஞான் இங்க எத்தனை வருசமா இருக்கேன். நூறுக்கு வாங்கி பத்துன்னு எழுதுற ஆளுகளைத்தான் பார்த்திருக்கேன். கூட்டி எழுதின ஆளு நிங்கள் மட்டும்தான்."

"இதுக்கு வழி இருக்கா மேடம்?"

"நிங்கள் எழுதின விலைக்கு நிங்கள்தான் வரி கட்டணும், அதுதான் முறை. எழுதினது தப்புன்னு சொல்லணும்னா காட்டுறதுக்கு ஒண்ணு வேணும். வாங்கின பில்லு இருக்கா?"

சித்திக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது விடிகிற நேரம்.

"பில்லா? கோவில் வாசல்ல ஒரு பாட்டியம்மா மேசை போட்டு உக்காந்திருந்தாங்க அத்தான். காசை டப்பால போட்டேன், குழலைப் பைல போட்டேன். அவ்வளவுதான்."

"நீ அனுப்புன போட்டோ இருக்குல்ல?"

போட்டோவை மேசைக்காரியிடம் காட்டினேன். நசுங்கல் நன்றாகத் தெரிந்தது. குழலின் கழுத்தில் நூலில் கட்டின விலை அட்டையும் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அட்டையில் ஆறு என்ற எண் பெரிதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் உங்கள் சித்தியின் பெருவிரல் இருந்தது.

"இதென்ன சேட்டா, ஆறுக்கு அப்புறம் ஒரு விரலு. விரலுக்கு அடியில ஒரு பூஜ்யமா, ரெண்டு பூஜ்யமா?"

"ஒண்ணுதான் மேடம், சத்தியமா."

"எனக்குத் தெரியும். கொச்சில இருக்கிற சாரு விரலைத் தூக்கிப் பார்க்க முடியுமா?"

மறுபடி சித்தி. "அத்தான், நான் இப்பத்தான் படுத்தேன்" என்று ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள். அன்றைக்கு எடுத்த ஒரு வீடியோ கிடக்கிறது என்று தேடி அனுப்பினாள். நாங்கள் மூன்று பேரும் அந்த மேசையில் தலையைக் குவித்துப் பார்த்தோம். வீடியோவில் ட்ரம்பெட் வந்தது, அட்டையும் வந்தது, ஆனால் காற்றில் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர் "அய்யோ" என்றார். மேசைக்கார அம்மாள் மட்டும் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டாள். அதில் விற்பனை மேசையில் இருந்த மற்ற சாமான்களின் விலை அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு வயலின், அதற்கு நாற்பது. டீ போடுகிற பாத்திரம் ஐந்து. மேசைக்குச் சாய்த்து வைத்திருந்த சைக்கிளுக்குத் தொண்ணூறு.

"சைக்கிளே தொண்ணூறுன்னா, அதே மேசையில நசுங்கின குழலுக்கு அறுநூறு யாரு போடுவா? இதை வச்சு எழுதிப் பார்க்கலாம்."

அவளே உட்கார்ந்து கொச்சிக்கு எழுதினாள். என் ஆதார், போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்தாள். விலையைக் கூட்டி எழுதிய காரணம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். உள்ளதை எழுதுங்கள் என்றேன். ஊர் வழக்கம் என்று எழுதினாள். நம் ஸ்டாண்டு வழக்கம் கொச்சி சுங்க ஆபீஸ் வரைக்கும் போனது அப்படித்தான்.

பதில் வரச் சில நாள் ஆனது. கோவிலில் ஒவ்வொரு நாள் ஜெபமாலையும் முடிந்துகொண்டே வந்தது. மாஸ்டர் என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் புருவத்தை மட்டும் தூக்குவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். தேர் சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூரியர் ஆபீஸ் அம்மாள் கூப்பிட்டாள்.

"சேட்டா, பழைய சாதனம்னு ஒத்துக்கிட்டாங்க. அறுபதுக்கு ஒத்துக்கல, அவங்களா ஒரு விலை போட்டிருக்காங்க. அனுப்பின கூலியையும் விலையோட சேர்த்து அதுக்கும் வரி உண்டு. பெட்டி நாளைக்குக் காலையில இங்க வரும். ஆனைக்கரைக்கு வண்டி திங்கக்கிழமைதான். வேணும்னா வந்து எடுத்துக்கோ."

சனிக்கிழமை உன்னையும் ஏற்றிக்கொண்டு போனேன். மொத்தம் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. குழல் வாங்கின விலையைவிட வரவழைத்த செலவு அதிகம். ஆனாலும் இருபதாயிரத்தை நினைத்து நினைத்துப் படுத்தவனுக்கு அது லாபமாகவே பட்டது. ரசீதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வரி ஒன்று. வரியை நமக்காக அவர்கள் முன்னால் கட்டியதற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு மேல் ஒரு வரி.

"மேடம், ரோட்டுல சுங்கச்சாவடி வந்தா நான் காசைக் கட்டிட்டு ஆளுங்ககிட்ட வாங்கிக்கிறேன். கட்டுனதுக்குக் கூலின்னு தனியா வாங்குறதில்லையே."

"நாளை முதல் வாங்கிக்கோ சேட்டா. ஞான் வேணும்னா ரசீது போட்டுத் தர்றேன்."

அந்தக் கூலி எனக்கு இன்றைக்கும் சரியாகப் புரியவில்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் குழல் திரும்ப அயர்லாந்துக்குப் போயிருக்கும். நீங்கள் பெரியவர்களாகி வெளியூரிலிருந்து எதையாவது வரவழைத்தால், சாமானின் விலையோடு அது வருகிற வழியின் விலையையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலை எழுதுகிற இடத்தில் உள்ளதை எழுதுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பெட்டியை ஜீப்பிலேயே பிரித்தாய். நான் வளைவுகளில் ஓட்டிக்கொண்டிருந்ததால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முனையைச் செருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அளவு சரியாக இருக்குமா என்று அத்தனை நாளில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்துகொண்டது. நீ ஊதியதும் எதிரே வந்த பஸ்காரர் நான் ஹாரன் அடித்ததாக நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

பேண்டு கோட்டில் மீதி இருந்தது ஒன்றுதான், முன்பு பெரிய முரசு அடித்த ஒரு நெட்டையருடையது. நீல நிறம், தோளில் தங்க ஜரிகை. கை உன் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. உங்கள் அம்மா மடித்து மடித்து ஊக்கு குத்திவிட்டாள். தேர் புறப்பட்டபோது வெளிச்சம் இருந்தது. நான் தேரோடு நடக்கவில்லை. வளைவில் ஜீப்பை ஓரமாக ஏற்றி, மற்ற வண்டிகளை நிறுத்தி வழி செய்துகொண்டிருந்தேன். முதலில் சிலுவை வந்தது, பிறகு பிள்ளைகள், பிறகு பேண்டு. ட்ரம்பெட் வரிசையில் ஓரத்தில் நீ. கன்னம் உப்பி, கண் நேரே. என்னைப் பார்க்கவே இல்லை. நான்கு குழல்கள் சேர்ந்து ஒலித்தன. அதில் உன்னுடையது எது என்று பிரித்துக் கேட்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. பிறகு மாஸ்டரிடம் அதைக் குறையாகச் சொன்னேன்.

"தனியாக் கேட்டிருந்தாத்தான் தப்பு அண்ணே" என்றார்.

இதுவரை நடந்தது உங்களுக்கும் ஏறக்குறையத் தெரியும். கடைசியாக ஒன்று தெரியாது. திங்கட்கிழமை காலை பேண்டு கோட்டுகளைக் கோவிலில் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என் ஜீப்புக்கு வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு வருகிற வழியில், தோட்டத்து மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். மூட்டையை அவிழ்த்து உன் கோட்டைத் தேடி எடுத்தேன். ஊக்குகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சீட்டுத் துணி கிழிந்தால் தைக்க வைத்திருக்கிற ஊசியும் கறுப்பு நூலும் வண்டியில் இருந்தன. ஸ்டியரிங்கின் மேல் கோட்டை விரித்து, இரண்டு கையையும் உன் மணிக்கட்டு அளவுக்கு உள்ளே மடித்துத் தைத்தேன். அடுத்த திருவிழாவுக்குள் வளருவாய் என்பதால் துணியை வெட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், நின்றது. பல்லால் நூலைக் கடித்துவிட்டு, மற்ற கோட்டுகளோடு சேர்த்து மூட்டையைக் கட்டி வண்டியை எடுத்தேன்.